வரியும் கடனும் கள்ள வியாபாரமும்

வியாபாரப் பெருமக்கள் கூடுமிடங்களில் மூன்று குறைகள் அடிக்கடி பேசப்படும். வரி அதிகம் என்பது ஒன்று. கடன் தொல்லை என்பது மற்றொன்று. கள்ளச் சரக்குக்காரன் நம் வாடிக்கையைப் பறிக்கிறான் என்பது மூன்றாவது. உற்று நோக்கினால் இம்மூன்றும் ஒரே கொடியில் காய்த்தவை என்பது விளங்கும்.

தூனிஸ் நகரில் 1332ஆம் வருஷம் பிறந்த இப்னு கல்தூன் 1377இல் எழுதிய ‘முகத்திமா’ என்னும் நூலில் இவ்விஷயத்தை ஆராய்ந்துள்ளார். ஓர் அரசு தன் இளமைக் காலத்தில் சிறு வரி விதித்துப் பெரும் வருவாய் அடைகிறது. முதுமையில் பெரும் வரி விதித்தும் சிறு வருவாயே அடைகிறது என்பது அவர் கண்ட முடிவு. லாபம் குறுகினால் உழைப்பவன் ஊக்கம் இழக்கிறான், தொழில் சுருங்குகிறது, தொழிலோடு வரியும் சுருங்குகிறது. வரியே கூடாதென்று அவர் சொல்லவில்லை, அளவைத்தான் வற்புறுத்தினார்.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 2015 நவம்பரில் சிகரெட் ஒன்றுக்கு 28 காசாக இருந்த கலால் வரி 40 காசாக உயர்த்தப்பட்டது. 13 வெள்ளி 80 காசுக்கு விற்ற பெட்டி 17 வெள்ளியாயிற்று. புகைப்பழக்கத்தைக் குறைக்கும் நோக்கம் நல்லதே. ஆனால் கள்ளப் பெட்டி சில வெள்ளிக்கே கிடைத்தது. மறு வருஷம் விற்றவற்றில் பாதிக்குமேல் வரி கட்டாத சரக்கு என்று சிகரெட் கம்பெனிகள் எடுத்த கணக்குக் கூறியது. கம்பெனிகளுக்குச் சுயநலம் உண்டு என்பதையும் மறவோம். எனினும் விலை வித்தியாசம் பெருகி, காவல் தளர்ந்தால் கள்ள வியாபாரம் கொழுக்கும் என்பதில் ஐயமில்லை. நஷ்டம் நேர்மையாக விற்கும் கடைக்காரருக்கே.

அடுத்து, 2015 ஏப்ரல் முதல் தேதி வந்த ஜி.எஸ்.டி. வரியைப் பாருங்கள். வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள பில் தேவை. ஆகவே ஒவ்வொரு வியாபாரியும் மொத்த வியாபாரியிடம் பில் கேட்டான். மறைந்திருந்த கணக்குகள் வெளிச்சத்துக்கு வந்தன. 2017இல் சுமார் 4,400 கோடி வெள்ளி வசூலாயிற்று. இது அம்முறையின் நன்மை. ஆனால் வியாபாரிகளுக்குத் திருப்பித் தரவேண்டிய தொகை தேங்கியது. 2018 மே இறுதியில் அந்தப் பாக்கி 1,940 கோடி வெள்ளி என்று பின்னர் நிதி அமைச்சு அறிவித்தது. தன் பணம் சர்க்காரிடம் முடங்கிக் கிடக்க, முதல் போதாத வியாபாரி வெளியே கடன் தேட வேண்டியதாயிற்று. வரி எவ்வாறு கடனாக மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா? 2018 ஜூனில் அவ்வரி பூஜ்யமாக்கப்பட்டது. செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரி திரும்பியது.

சர்க்காருக்கும் கடன் உண்டு. 2024இல் கூட்டரசின் வருவாயில் ஒவ்வொரு 100 வெள்ளியிலும் சுமார் 15 வெள்ளி வட்டிக்கே போயிற்று. மறைத்து விற்கிறவன் கட்டாத பங்கைச் சர்க்கார் கடன் வாங்கி நிரப்புகிறது. பிறகு அதைக் கட்டுகிறவனிடமே கேட்கிறது.

இனி நம் கடைக்கு வருவோம். தங்காக் ஜவுளிக்குப் பேர்போன ஊர். பெருநாளுக்குப் பல மாதங்கள் முன்பே சரக்கைக் கடனுக்கு எடுத்து, சில வாரங்களில் விற்றுத் தீர்க்க வேண்டும். இதற்கு முதல் தேவை. பாதி விற்பனையைக் கணக்கில் காட்டாதவர் பாங்கிக்குப் போனால், பாங்கி காட்டிய பாதியை மட்டுமே நம்பும். வேறு வழியின்றி அவர் வட்டி முதலையிடம் போகிறார். லைசென்ஸ் பெற்றவர் ஈடில்லாக் கடனுக்கு வருஷத்துக்கு 18 சதவீதத்துக்குமேல் வட்டி வாங்கச் சட்டம் இடந்தராது. முதலைக்கோ சட்டமே இல்லை. வரியில் மிச்சப்படுத்தியதைப் போலப் பன்மடங்கு வட்டியில் போகிறது. வட்டி விலக்கப்பட்டது என்பதை நம்மவர்க்கு எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ?

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. தொகை சிறிதாயினும் எழுதச் சோம்பலாகாது என்பது அதன் போதனை.

மின்-பில் முறை 2024 ஆகஸ்டில் பெரிய கம்பெனிகளிடம் தொடங்கிப் படிப்படியாகக் கீழிறங்கியது. மொத்த வியாபாரி நமக்கு விற்ற சரக்கு அவர் கணக்கில் ஏறிவிடும். நம் கணக்கில் மட்டும் அது மறைந்திருக்க முடியாது. ஆகவே அன்றாட வரவு செலவை அன்றே எழுதுங்கள். வீட்டுச் செலவையும் கடைப் பணத்தையும் பிரித்து வையுங்கள். பில்களைச் சட்டப்படி ஏழு வருஷம் காப்பாற்றுங்கள். வரி அநியாயமாகப் பட்டால் சங்கத்தின் மூலம் ஒன்றுகூடி முறையிடுவோம். கணக்குச் சுத்தமாக உள்ளவன் குரலுக்கே அங்கே மதிப்புண்டு.