இனிப்பு மக்காச்சோளம்: விதைக்கும் பட்டமும் ரகத் தேர்வும்

திருப்பூர் ஜில்லாவின் உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம், தாராபுரம், பல்லடம் முதலிய தாலூகாக்களில் மக்காச்சோளம் பெருவாரியாகச் சாகுபடியாகி வருகின்றது. பல்லடத்தைச் சுற்றியுள்ள கோழிப் பண்ணைகளின் தீவனத் தேவை இதற்கு முக்கிய காரணமாகும். திருப்பூர் நகரிலோ பின்னலாடைத் தொழிலை நாடி வந்த ஜனங்கள் லட்சக்கணக்கில் வசிக்கின்றனர். மாலை வேளையில் அவர்கள் வாங்கி உண்ணும் பண்டங்களில் வேகவைத்த இனிப்பு மக்காச்சோளக் கதிரும் ஒன்று. ஆகவே கிணற்றுப் பாசனமுள்ள குடியானவர்கள் சிலர், தீவனச் சோளத்திற்கிடையே அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ இனிப்பு ரகத்தையும் பயிரிட முற்படுகின்றனர். பயிர் செழித்து வளர்ந்தும், கதிர் பருத்தும், மணிகளில் தித்திப்பில்லையென்று வியாபாரி விலையைக் குறைப்பதுண்டு. இதற்கு எருவும் நீரும் காரணமல்ல. பட்டமும் ரகமும் அண்டை வயலுடன் பொருந்தாமையே பெரும்பாலும் காரணமாகும்.

மக்காச்சோளச் செடியின் உச்சியில் ஆண்பூவும், தண்டின் நடுவில் பெண்கதிரும் தனித்தனியே உண்டாகின்றன. கதிரின் நுனியில் தொங்கும் மயிர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மணியைச் சேர்ந்தது. அதன்மேல் மகரந்தம் படிந்தாலன்றி அம்மணி உருவாவதில்லை. மகரந்தம் காற்றினால் பரவுகிறபடியால் அடுத்த வயலின் தூளும் வந்து படியும். இனிப்புத் தன்மை அடங்கிய குணம். மாவுத் தன்மையோ ஓங்கிய குணம். ஆதலால் தீவனச் சோளத்தின் மகரந்தம் படிந்த மணி, அடுத்த தலைமுறைக்குக் காத்திராமல், அந்தக் கதிரிலேயே மாவு மணியாகிவிடும். தீவனச் சோளத்திற்கு இக்கலப்பினால் நஷ்டமில்லை. நஷ்டம் முழுவதும் இனிப்பு ரகம் வைத்தவருக்கே.

இனிப்பு ரகங்கள் முக்கியமாக இரு வகைப்படும். முதலாவது பழைய சர்க்கரை வகை. இதன் கதிரைப் பறித்தபின் சர்க்கரை விரைவில் மாவாக மாறும். 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஒரே நாளில் பாதிக்கு மேற்பட்ட சர்க்கரை குறைந்துவிடக்கூடும். இரண்டாவது அதி இனிப்பு வகை. சுருங்கிய மணியுள்ள இதன் அருமையை அமெரிக்காவின் இல்லினாய் சர்வகலாசாலையில் ஜான் லாக்நன் என்பவர் 1953-ல் எடுத்துக் காட்டினார். இதில் இனிப்பு அதிகம். பறித்தபின் குறைவதும் மெதுவாகவே. ஆயின் விதை இலேசானதும் வலிமை குன்றியதுமாகையால், ஈரம் தேங்கும் மண்ணில் அழுகிப்போகும். ஓர் அங்குல ஆழத்துக்கு மேற்படாமல், பாரின் பக்கத்தில் ஊன்றுவது நலம். இவ்விரு வகைகளையும் அருகருகே வைத்தால் ஒன்றின் மகரந்தம் மற்றொன்றில் படிந்து, இரண்டும் மாவு மணிகளாகிவிடும் என்பதையும் மறக்கலாகாது.

ஹைதராபாத்தில் உருவான மாதுரி, பிரியா என்பவை கூட்டு ரகங்கள். இவையன்றி ஒட்டு ரகங்கள் பல விற்பனையாகின்றன. ஒட்டு ரகங்களில் பயிர் ஒரே சீராகப் பூத்து, கதிர்களும் ஒரே அளவில் அமையும். ஆனால் அவற்றின் விதையை ஒவ்வொரு முறையும் புதிதாகவே வாங்க வேண்டும். எந்த விதையை வாங்கினும், அது மேற்கூறிய இரு வகைகளில் எதைச் சேர்ந்தது, எத்தனை நாளில் பூக்கும் என்னும் இரண்டையும் விசாரித்தறிவது அவசியம்.

கலப்பைத் தடுக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று தூரம், மற்றொன்று காலம். சிறு நிலங்கள் நெருங்கியுள்ள கிராமங்களில் சில நூறு மீட்டர் இடைவெளி கிடைப்பது அரிது. ஆகவே காலத்தையே நம்ப வேண்டியிருக்கும். இரு பயிர்களின் பூப்பும் ஏறக்குறைய 14 நாள் விலகியிருந்தால் போதுமானது. இங்கே எண்ணவேண்டியது விதைத்த நாளையன்று, பூக்கும் நாளையே. உதாரணமாக, தீவன ஒட்டு ரகம் 55 நாளிலும் இனிப்பு ரகம் 48 நாளிலும் கதிர்மயிர் விடுவதாகக் கொள்வோம். அண்டை வயலுக்கு ஒரு வாரம் பின்தங்கி இனிப்பு ரகத்தை விதைத்தால், இரண்டும் ஒரே நாளில் பூத்துவிடும்! அதே ஒரு வாரம் முந்தி விதைத்தாலோ 14 நாள் இடைவெளி தானே அமைந்துவிடும். பிந்தித்தான் விதைக்க முடியுமென்றால் மூன்று வாரம் பொறுத்தல் வேண்டும்.

இனிப் பட்டங்களைக் கவனிப்போம். ஆடிப்பட்டத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று பலமாக வீசுவதால், மண் அணையாத பயிர் சாய்ந்துவிடும். அக்காலத்தில் தீவனச் சோளத்திற்கு மேற்கே இனிப்பு ரகம் இருப்பது நல்லது. புரட்டாசியில் மானாவாரியாகத் தீவனச் சோளம் பரவலாக விதைக்கப்படுவதால் கலப்புக்கு இடம் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இலைக்கருகல் நோயும் மிகும். தைப் பிறப்பை ஒட்டி இறவையில் விதைத்தால் மாசிக் கடைசியில் பூத்து, பங்குனியில் கதிர் கைக்கு வரும். புரட்டாசிச் சோளம் அதற்குள் பூத்து ஓய்ந்திருக்கும். ஆயினும் பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால் நீர் திறக்கப்பட்ட மண்டலத்தில் தைப்பட்டத்திலும் தீவனச் சோளம் உண்டாகையால், அண்டையாரைக் கேட்டறிந்தே விதைக்க வேண்டும். மாசிக் கடைசிக்குத் தள்ளிப்போட்டால் சித்திரை வெயிலில் பூப்பு நேரும். 35 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் மகரந்தம் வலுவிழப்பதால், கதிரில் மணிகள் இடைவிட்டு நிற்கும்.

கதிரைப் பறிக்கும் தருணம் கதிர்மயிர் வெளிவந்த 18 முதல் 22 நாள் வரையில் சில தினங்களே. மணியை நகத்தால் கிள்ளினால் பால் வரவேண்டும். ஆதலால் ஒரே ரகத்தைப் பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று பாத்திகளாக விதைத்தால் சந்தைக்குத் தொடர்ந்து கொண்டுபோகலாம். எனினும் 2018-ல் இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்ட படைப்புழு, பிந்தி விதைத்த இளம்பயிரையே அதிகம் நாடுகிறது. ஆகையால் இம்முறையை ஒரு மாதத்துக்கு மேல் நீட்டலாகாது. பச்சையாக உண்ணும் கதிராதலின், மருந்து தெளித்தபின் காத்திருக்க வேண்டிய நாட்களைக் கண்டிப்பாக அனுசரிக்க வேண்டும். விடியற்காலையில் பறித்து, நிழலில் வைத்து, அன்றே உழவர் சந்தைக்கு அனுப்புதல் உத்தமம்.

வயலை நீண்ட கீற்றாக அன்றிச் சதுரமாக அமைத்தால் தன் மகரந்தமே தனக்குப் போதுமான அளவில் கிடைக்கும். கதிர் ஒடித்தபின் நிற்கும் பச்சைத் தட்டு மாடுகளுக்கு நல்ல தீவனமாகும், இது மேல்வரும்படி.

எந்தப் புலத்தில் எந்தப் பயிர் என்பது கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் பதிவாகிறது. ஆனால் அப்பதிவு விதைத்தபின் ஏற்படுவது. பேச்சோ விதைப்பதற்கு முன் நடக்கவேண்டும். பட்டம் தொடங்குமுன் கிராம அதிகாரிகள் அண்டை நிலத்தாரை ஒருமுறை கூட்டி, யார் எந்த ரகத்தை எந்த வாரத்தில் விதைப்பது என்று பேசி முடிக்கச் செய்வார்களேயானால், ஒருவர் காற்று மற்றவர் கதிரைக் கெடுக்கும் நிலை நீங்கும்.