பதநீரை ருசி பார்ப்பதும் சரிசெய்வதும்

பதநீர் காலை வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். தென்காசி வட்டாரத்துக் கோடைப் பதநீர், குற்றாலத்தில் சாரல் தொடங்கும்போது கடைசிக் கட்டத்தில் இருக்கும். அந்த நாட்களில் இனிப்பு நீர்த்திருந்தால் பனையில் கட்டிய கலயத்துக்குள் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

சீவிய பாளையிலிருந்து சொட்டும் சாறு, கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசாவிட்டால் சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். மேல்நாட்டு பீரில் போடும் ஹாப்ஸ் பூ பாக்டீரியாவை அடக்கும், ஈஸ்டை விட்டுவிடும். சுண்ணாம்பு ஈஸ்டையும் கட்டிப்போடுகிறது. ஆகவே பதநீரின் ருசி சுண்ணாம்பின் அளவில்தான் இருக்கிறது.

முதலில் கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். கலங்கலாக இருப்பது குற்றமில்லை. சற்று நேரத்தில் அடியில் வெள்ளையாகப் படிந்தால் அது சுண்ணாம்பு. படியாமல், ஓரத்தில் பொடிப்பொடியாக நுரை கட்டினால் புளிப்பு ஆரம்பித்துவிட்டது. அடுத்து புளித்த வாடை வருகிறதா என்று மோந்து பாருங்கள். பிறகு ஒரு வாய் எடுத்து, உடனே விழுங்காமல் நாக்கில் நிறுத்துங்கள். நல்ல பதநீரில் இனிப்பு முதலில் வந்து தானாகவே கரையும். விழுங்கிய பின்னும் இனிப்பு கசப்போடு ஒட்டிக்கொண்டிருந்தால் சாக்கரின் கலந்திருக்கக்கூடும். தொண்டையைப் பிடித்தால் சுண்ணாம்பு தூக்கல். நாக்கில் சுருசுருவென்றால் புளித்தது.

சந்தேகம் தீராவிட்டால் ஒரு கரண்டியில் கொஞ்சம் எடுத்து, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் கலக்குங்கள். அடர்ந்த சிவப்பானால் சுண்ணாம்பு கூடுதல். மஞ்சளாகவே நின்றால் குறைவு, அல்லது புளித்துவிட்டது. அதில் எது என்பதை நாக்குதான் சொல்லும்.

கூடிய சுண்ணாம்பைச் சரிசெய்யலாம். ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்து, மேல் தெளிவை மட்டும் துணியில் இறுத்துங்கள். கரைந்திருக்கும் சுண்ணாம்பு அதிலும் இருக்கும். அதற்குத்தான் நம் ஊர் மாங்காய்த் துண்டு: அதன் புளிப்பு காரத்தன்மையை முறிக்கும். இரண்டு துண்டு போட்டு, கால் மணி நேரம் கழித்துக் குடித்துப் பார்த்து, தேவையானால் இன்னொன்று. நுங்கு சேர்ப்பது தனி சுகம், ஆனால் அது எதையும் திருத்தாது. ஐஸ்கட்டி என் கணக்கில் வீண். உருகி இனிப்பைத்தான் கெடுக்கும்.

புளித்ததைத் திருத்த வழியே இல்லை. மேலும் சுண்ணாம்பு போட்டால் புளிப்பு மறையும், போன சர்க்கரை திரும்பாது. கருப்பட்டி காய்ச்சினாலும் பாகு கெட்டியாகாமல் இழுக்கும். கொட்டிவிடுங்கள்.

மீந்ததை எவர்சில்வர் பாத்திரத்தில், சுக்கு தட்டிப் போட்டு ஒரு கொதி விட்டு ஆறவையுங்கள். அலுமினியம் வேண்டாம், சுண்ணாம்பு அதை அரிக்கும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் மறுநாளுக்குள் குடித்துவிடுங்கள். பாட்டில் மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே வாயு சேர்ந்தால் சீறும்.