அன்சிபில்: மாறிகளை யார் எடுத்துத் தருகிறார்?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஐடி படிக்கும் நம்ம செங்காங் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது அன்சிபில் பற்றித்தான். நூறு சர்வர்களை ஒரே கட்டளையில் அமைத்துத் தரும் கருவி அது. 2012-இல் வந்தது, 2015-இல் ரெட் ஹேட் வாங்கிக்கொண்டது.

எந்த சர்வருக்கு எந்த மதிப்பு என்று சொல்பவை மாறிகள். கோப்புகளிலிருந்து அவற்றை எடுத்துத் தருவது 'வார்ஸ் பிளகின்'. அன்சிபிலோடு கூடவே வருவது 'ஹோஸ்ட்_குரூப்_வார்ஸ்'. அது 'குரூப்_வார்ஸ்', 'ஹோஸ்ட்_வார்ஸ்' என்ற இரண்டு ஃபோல்டர்களைப் படிக்கும். ரிவர்வேல் கிரசெண்ட் வேல்முருகன் கோயிலில் தொண்டூழியம் செய்தவங்களுக்கு இது சுலபமா புரியும். எல்லாருக்கும் ஒரு பொது ஏற்பாடு இருக்கும். உங்களுக்கென்று தனியாக ஒரு வேலை சொல்லிட்டா, அதுதான் நிற்கும். ஒரே மாறி இரண்டிலும் இருந்தால் ஹோஸ்ட் மதிப்பே செல்லும்.

கலெக்‌ஷனில் வரும் வேறொரு பிளகின் வேணும்னா, 'அன்சிபில்.சிஎஃப்ஜி' கோப்பின் 'டிஃபால்ட்ஸ்' பகுதியில் 'வார்ஸ்_பிளகின்ஸ்_எனேபிள்ட்' என்ற வரியில் அதன் முழுப்பெயரை எழுதணும். இங்கேதான் பலர் சறுக்குறாங்க. அந்த வரி பழைய பட்டியலோடு சேராது, பட்டியலையே மாற்றிவிடும். புதுப் பெயரை மட்டும் எழுதினால் ஹோஸ்ட்_குரூப்_வார்ஸ் போயிடும், உங்க குரூப் கோப்புகளை யாரும் படிக்க மாட்டாங்க. ரோலில் டிஃபால்ட் மதிப்பு இருந்தால் பிழைச் செய்திகூட வராது. சர்வர் அந்த டிஃபால்ட் பாஸ்வேர்டோடவே நிற்கும்!

அதனால் இரண்டு பெயரையும் காற்புள்ளி போட்டு எழுதுங்க. பிறகு 'அன்சிபில்-இன்வென்டரி --ஹோஸ்ட்' என்று அடித்து, சர்வர் பெயரையும் கொடுத்துப் பாருங்க. குரூப் மாறி அதில் தெரியாவிட்டால் பிளேபுக்கை ஓட்டாதீங்க.