புளியங்கொட்டையில் தொடங்கும் கணக்கு

 

நமது டிரஸ்ட்டின் மாலை வகுப்புக்கு வந்த ஐந்து வயதுச் சிறுமி, நூறு வரை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். "ஏழு புளியங்கொட்டை எடுத்துக் கொடும்மா" என்றேன். கை நிறைய அள்ளி நீட்டினாள். எண்ணின் பெயர் தெரிகிறது, எண் தெரியவில்லை. குறை அவளுடையதல்ல. ஒப்பிக்க மட்டுமே நாம் பழக்கியிருக்கிறோம்.

ஓசூர் ஆலைகளில் நல்ல வேலைக்கு ஐ.டி.ஐ., டிப்ளமோ கேட்கிறார்கள். கணக்குக்குப் பயந்தே படிப்பை விடும் பிள்ளைகளையும் பார்க்கிறோம். அந்தப் பயம் சிறு வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

கொரோனா கால இடைவெளியைச் சரிசெய்ய, தமிழக அரசு 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்து, பாட்டும் விளையாட்டுமாகக் கற்பித்த முறை அது. ஷிப்ட் முடிந்து வருபவர்களும் வீட்டில் பத்து நிமிடம் இதைச் செய்யலாம்.

தட்டு வைத்தல்: "நாம் எத்தனை பேர்? ஆளுக்கொரு தட்டு வை" என்று சொல்லுங்கள். குறைந்தால் நீங்கள் எடுத்து வைக்காதீர்கள். "இன்னும் எத்தனை வேண்டும்?" என்று கேளுங்கள்.

கைக்குள் எத்தனை?: ஐந்து கொட்டைகளை எண்ணச் சொல்லுங்கள். இரண்டைக் கைக்குள் மறைத்துக் கேளுங்கள். கூட்டலும் கழித்தலும் இங்கேயே வந்துவிடும்.

பத்துக் கட்டு: பத்துக் குச்சிகளை ரப்பர் பேண்டில் கட்டி, பக்கத்தில் ஒன்றை வையுங்கள். 'பதினொன்று' என்ற சொல்லிலேயே பத்தும் ஒன்றும் இருக்கின்றன. உருதுவின் 'கியாரா', 'பாரா'வில் அது வெளிப்படையாகத் தெரியாது. வீட்டில் உருது பேசும் பிள்ளை பள்ளியில் குழம்பினால் திட்டாதீர்கள், கட்டைக் காட்டுங்கள். எந்த மொழியில் எண்ணினாலும் கட்டு ஒன்றுதான்.

விளையாட்டைப் பிள்ளை நடத்தட்டும். கேள்வி மட்டும் நம்முடையதாக இருக்கட்டும். தவறாகச் சொன்னால், "தப்பு" என்னாமல் "எண்ணிக் காட்டு" என்று சொல்லுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொட்டை வேண்டாம், தொண்டையில் சிக்கிக்கொள்ளும். டம்ளரும் தட்டும் போதும்.

அந்தச் சிறுமி இப்போது ஏழு கொட்டைகளை ஒவ்வொன்றாக என் கையில் வைக்கிறாள். நூறு வரை ஒப்பித்த நாளைவிட, இந்த ஏழில்தான் அவள் முகம் மலர்ந்தது.

நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!

— செயலாளர்