கண்ணாடியை மாட்டும் முன்

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு வேலை செய்ய வந்திருக்கும் தம்பி தங்கைகளே! மெய்நிகர்க் (VR) கண்ணாடி வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாக வாங்குங்கள். ஆனால் அதற்குள் நடப்பது ஒத்திகை, அரங்கேற்றம் வெளியில்தான்.

1. முதலில் பிள்ளையைப் பாருங்கள். அவனை அச்சுறுத்துவது எது? பல் கிளினிக்கின் இரைச்சலா, பஸ் ஏறுவதா, கோயில் கூட்டமா? அம்மாவிடமும் பாட்டியிடமும் கேளுங்கள். ஒரே ஒரு பயத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

2. முன்னோடிகளைப் படியுங்கள். 1996-இல் அமெரிக்காவில் டோரதி ஸ்ட்ரிக்லண்ட் குழுவினர் இரண்டு பிள்ளைகளுக்கு மெய்நிகர்த் தெருவில் கார்களைக் கவனிக்கப் பழக்கினார்கள். இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகம் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 7 முதல் 13 வயது வரையுள்ள 9 சிறுவர்கள் பங்கேற்றார்கள். கண்ணாடி கிடையாது, சுற்றுச் சுவரெல்லாம் காட்சி விழும் 'நீல அறை'. ஆளுக்கு 4 அமர்வு. உளவியலாளர் கூடவே இருந்து, மூச்சைச் சீராக்கி மனத்தை அமைதிப்படுத்தக் கற்றுக்கொடுத்தார். பிறகு பெற்றோர் நிஜ இடத்துக்கு அழைத்துப் போனார்கள். 8 பேர் தங்கள் பயத்தைச் சமாளிப்பதில் முன்னேறினார்கள். பின்னர் 32 பிள்ளைகளோடு செய்த ஆய்வில் பலன் எல்லாருக்கும் கிட்டவில்லை. அதனால் 'குணமாகிவிடும்' என்று எந்தத் தாய்க்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

3. வயதையும் உடம்பையும் பாருங்கள். மெட்டா நிறுவனமே தன் கண்ணாடிக்குக் குறைந்தது 10 வயது என்று வரம்பு வைத்திருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு நோய் கூடுதலாகக் காணப்படுவதால், டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். சின்னப் பிள்ளைக்குச் சுவரில் புரொஜெக்டர் காட்சியே போதும்.

4. வற்புறுத்தி மாட்டாதீர்கள். நெற்றியை அழுத்தும் பட்டையும் முகத்தில் ஏறும் சூடுமே சில பிள்ளைகளுக்குத் தாங்காது. மேசையில் வையுங்கள், தொடட்டும், புரட்டிப் பார்க்கட்டும், தானே முகத்தருகே கொண்டுபோகட்டும். பேசாத பிள்ளைக்கு, மேசையைத் தட்டினால் 'நிறுத்து' என்று முன்பே பழக்குங்கள். தட்டிய நொடியில் நிறுத்துங்கள். அந்த நம்பிக்கை போனால் எல்லாம் போச்சு.

5. நம் ஊரையே படம் பிடியுங்கள். பனி பெய்யும் வெளிநாட்டுத் தெரு நம் பிள்ளைக்கு எதற்கு? பஸ்தான் பயம் என்றால், 360 பாகைக் கேமராவை அவன் கண் உயரத்தில், செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் போகும் சாலையோரப் பஸ் நிறுத்தத்தில் வையுங்கள். கேமரா அசையக் கூடாது, அசைந்தால் தலைசுற்றும். முதலில் ஆளில்லாத காலைநேரம், சத்தமில்லாமல். அடுத்து மெல்லிய சத்தம். கூட்டம் கடைசியில்.

6. அதே வாரம் நிஜ இடத்துக்குப் போங்கள். கண்ணாடிக்குள் வெயில் இல்லை, டீசல் வாடை இல்லை, தோளில் இடிக்கும் ஆள் இல்லை. உள்ளே பலமுறை பஸ் ஏறியவன் வெளியே தயங்கினால், ஓரிரு படி பின்னால் போய்த் தொடங்குங்கள், திட்டாதீர்கள்.

7. பெற்றோரின் நேரத்தை மதியுங்கள். கோலாலம்பூருக்குச் சிகிச்சைக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். வேலை முடிந்த மாலையில் வீட்டுக்கே போய், மூச்சுப் பயிற்சியை அம்மாவுக்கும் கற்றுக்கொடுங்கள்.

8. ஊரையும் மாற்றுங்கள். கோயில் ஒலிபெருக்கியைக் கொஞ்ச நேரம் குறைக்கச் சொல்லித் தலைவரிடம் கேளுங்கள். கையை உதறுவதையும் கண்ணைப் பார்க்காததையும் திருத்துவதற்கு இந்தக் கருவி வேண்டாம். அவன் அவனாகவே இருக்கட்டும். பயமில்லாமல் பஸ் ஏறட்டும். நம் வேலை அவ்வளவுதான்.