ஈறில் ரத்தமா? மனசையும் கொஞ்சம் கேளுங்கள்!

நான்கு வருஷத்துக்கு முன்னால் தோவாளைப் பக்கமிருந்து ஒரு அம்மா என் வைத்தியசாலைக்கு வந்தார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். "பல்லு வெளக்கினா ரத்தம் வருது வைத்தியரே" என்றார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசினார். ஈறு சிவந்து வீங்கியிருந்தது; வாய் நாற்றமும் இருந்தது. கருவேலம்பட்டை சேர்ந்த பல்பொடியும், கொப்பளிக்கத் திரிபலா சூரணமும் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து மருமகள் கூட்டிவந்தார். ஈறு இன்னும் மோசம். "பொடி டப்பாவைத் திறக்கவே இல்ல வைத்தியரே. அத்தை இப்ப யாருட்டயும் பேசமாட்டேங்காவ. கல்யாண வீட்டுக்கும் வரமாட்டேங்காவ. ராத்திரி உறக்கமும் இல்ல" என்றார். பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, கணவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

பாளையங்கோட்டைக் கல்லூரியில் எண்வகைத் தேர்வு படித்தவன் நான். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். அன்று நாவைப் பார்த்தேன், மொழியைக் கவனிக்கவில்லை. அது என் தவறு.

மனசு ஈறைக் கெடுப்பது எப்படி?

சரியாகத் துலக்காத பல்லில் கிருமிப் படலம் படிகிறது. நாளானால் அது காரையாக இறுகும். ஈறு வீங்கும், ரத்தம் கசியும். முற்றினால் பல்லைத் தாங்கும் எலும்பே கரைந்து பல் ஆடும்.

மனச்சோர்வு உள்ளவருக்குக் குளிக்கவே மனசு வராது. ராத்திரி பல் துலக்குவாரா? கவலை நீடித்தால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் குறையும். சிலர் புகையிலையும் பீடியும் கூட்டுவார்கள். மனநோய் மாத்திரைகள் சிலவற்றால் எச்சில் வற்றும். எச்சில் குறைந்த வாயில் கிருமிக்குக் கொண்டாட்டம்தான்.

ஈறு மனசைக் கெடுக்குமா?

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் 2021-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஈறு நோய் பதிவான சுமார் 64,000 பேரை, அது பதிவாகாத சுமார் 2,51,000 பேரோடு ஒப்பிட்டார்கள். சுமார் மூன்று வருஷத்தில் ஈறு நோய்க்காரர்களுக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்றவை வரும் வாய்ப்பு 37 சதவீதம் அதிகமாக இருந்தது. ஈறின் அழற்சி ரத்தம் வழியாக மூளையைப் பாதிக்கலாம் என்பது ஒரு கருத்து. வாய் நாற்றத்துக்கு வெட்கப்பட்டு ஜனங்களை விட்டு ஒதுங்குவது இன்னொரு வழி. அதற்காக, ரத்தம் வந்தாலே மனநோய் வந்துவிடும் என்று பயப்படாதீர்கள். இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை.

என்ன செய்யலாம்?

* காலையும் ராத்திரியும் மிருதுவான பிரஷ்ஷால் துலக்குங்கள். உமிக்கரி நம்மூர்ப் பழக்கம்தான். கரகரவென்று அழுத்தித் தேய்த்தால் பல்லும் தேயும், ஈறும் இறங்கும்.

* வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரோ, திரிபலா கஷாயமோ கொப்பளிக்கலாம். ஆனால், இறுகிய காரையை எந்தப் பொடியும் எடுக்காது. பல் டாக்டர்தான் எடுக்கவேண்டும். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்!

* சர்க்கரை இருக்கிறதா என்று சோதியுங்கள். சர்க்கரை ஏறினால் ஈறு நோயும் ஏறும்.

* வாய் வறள்கிறதென்று மனநோய் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். மாத்திரை தந்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

* இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு, உறக்கமின்மை, எதிலும் விருப்பமின்மை இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416. 2022 முதல் இருக்கிறது; தமிழிலேயே பேசலாம்.

அந்த அம்மாவைப் பல் டாக்டரிடமும் மனநல மருத்துவரிடமும் அனுப்பினேன். பொடியும் கஷாயமும் என் பங்கு. தினமும் ராத்திரி கூடவே நின்று பல் துலக்க வைத்தது மருமகள். ஒரு வருஷத்தில் ஈறு தேறியது. போன மாதம் இளைய மகனின் கல்யாணப் பத்திரிகையோடு வந்து, அரைமணி நேரம் வாய் நிறையப் பேசிவிட்டுப் போனார்.

உங்கள் வீட்டுப் பெரியவர் வாயை மூடிக்கொண்டு பேசுகிறாரா? பல்லை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை கேளுங்கள்.