லண்டன் போய் 'டெவலப்மென்ட்' படிக்கலாமா? வேலையை விடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க!



"இந்த வேலை போரடிக்குது. வெளிநாட்டுல சர்வதேச வளர்ச்சி படிச்சிட்டு, ஐ.நா. மாதிரி இடத்துல நாலு பேருக்கு உபயோகமா இருக்கணும்." இப்படி நினைக்கிறீங்களா? நல்ல ஆசைதான். ஆனா ராஜினாமா லெட்டர் எழுதுறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பார்த்துடுவோம்.

1. படிப்பு என்ன?

வறுமை ஏன் குறையுது, ஏன் குறையல, உதவிப் பணம் உண்மையிலேயே பலன் தருதா என்பதை ஆராயும் படிப்பு இது. பிரிட்டனில் முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் 1 வருஷம். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், சசெக்ஸ் பல்கலைக்கழகம் ரெண்டும் இதுக்குப் பேர் போனவை.

2. கடன் கணக்கு

உதாரணத்துக்கு, 25 லட்சம் கடன், 10% வட்டி. படிக்கிற காலமும் அதுக்கு அப்புறம் 6 மாசமும் வட்டி கட்டலைன்னா, தனி வட்டியிலேயே கடன் 28.75 லட்சம் ஆயிடும். 10 வருஷத்துக்கு இஎம்ஐ சுமார் 38,000 ரூபாய். இந்தியா திரும்பி ஒரு தொண்டு நிறுவனத்துல சேர்ந்தா, அந்தச் சம்பளத்துல இதைக் கட்ட முடியுமா? வட்டிக்கு 8 வருஷம் வரை வரிக்கழிவு உண்டு. ஆனா பழைய வரி முறையில மட்டும்தான்.

3. வேலைச் சந்தை

அமெரிக்காவின் யுஎஸ்எய்ட் 2025 ஜூலையோட மூடப்பட்டது. பிரிட்டனும் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமா இருந்த உதவித் தொகையை 2027-க்குள் 0.3 சதவீதமா குறைக்கப் போறதா அறிவிச்சிருக்கு. அதனால வேலை இழந்த அனுபவசாலிகளோடதான் நீங்களும் போட்டி போடணும்.

அப்போ கனவை விட்டுடணுமா?

வேண்டாம். செலவைக் குறைங்க. செவனிங் உதவித்தொகை கிடைச்சா கல்விக் கட்டணம், மாதச் செலவு, விமான டிக்கெட் எல்லாம் அதுலயே வந்துடும். 2,800 மணி நேர வேலை அனுபவம் வேணும். சுமார் 2 வருஷம் முழுநேர வேலை பார்த்த உங்ககிட்ட அது ஏற்கெனவே இருக்கும்! படிப்பு முடிஞ்சதும் 2 வருஷம் நாடு திரும்பி இருக்கணும், அது நிபந்தனை. இங்கேயே படிக்கணும்னா டிஸ், அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் இருக்கு.

என் கருத்து: உதவித்தொகை கிடைச்சா தைரியமா போங்க. முழுக்கக் கடன்னா, முதல்ல 6 மாசம் அந்த 38,000-ஐ மாசாமாசம் ஆர்.டி.யில போட்டுப் பாருங்க. மூச்சு முட்டுதுன்னா, பதில் கிடைச்சாச்சு. முட்டலைன்னா, கையில 2 லட்சத்துக்கு மேல சேர்ந்திருக்கும்.

உங்க கணக்கை கமென்ட்ல போடுங்க, அடுத்த வீடியோவில் பேசுவோம்!